அக்கா கேட்ட புதன்கிழமை

நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்தால் போதும், அது எந்த மாடியில், என்ன கோபத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவான் ரிப்பேர் வேலை பார்க்கும் அந்த லிஃப்ட்காரன். ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு கல்யாணமாகாத வாத்தியாரும் ஒரு பல் டாக்டரம்மாவும் மாட்டிக்கொண்டார்கள். அவன் வந்து மீட்பதற்குள் அவர்கள் சண்டை போட்டு, சமாதானமாகி, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயரும் யோசித்து வைத்துவிட்டார்களாம். இதில் பெயர் யோசித்தது மட்டும் பொய், மற்றதெல்லாம் நடந்ததுதான்.

அப்படிப்பட்டவன் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்த காலம் ஒன்று உண்டு. எல்லாம் அவனுடைய அக்காவுக்காக.

அக்காவுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அவனைவிட ஏழு வயது மூத்தவள். மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று அவள் தவழும்போதே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அடுப்பும் சாலையும் கடிகாரமும் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு வாக்கியம் நாலு வார்த்தையைத் தாண்டாது. ஆனாலும் அக்கா அக்காதான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற அத்தனை பெரிய தம்பியை அவள் "குட்டி" என்றுதான் கூப்பிடுவாள். அவன் சாப்பிடும்போது தட்டை எட்டிப் பார்த்து, "குட்டி, மிச்சம் வைக்காதே" என்று அதட்டுவாள். அவனும் வைக்கமாட்டான்.

அம்மா இருந்தவரை அக்காவின் நிலைமை வெளியே யாருக்கும் முழுசாகத் தெரியாது. அம்மா அவளை வீட்டுக்குள் பூட்டி வைத்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். விசேஷம், கடை, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்துக்கும் கையோடு கூட்டிப்போனாள். "நாலு பேர் முன்னாடி என் பொண்ணு திணறக்கூடாது" என்பது ஒன்றுதான் அவளுடைய சட்டம். அதற்காக அவள் கண்டுபிடித்ததுதான் இருமல் பாஷை. யாராவது அக்காவிடம் கேள்வி கேட்டால் அம்மா ஒரு தடவை இருமுவாள். அக்கா "ஆமாம்" என்பாள். இரண்டு தடவை இருமினால் "வேண்டாம், நன்றி". தொண்டையைக் கனைத்தால் அழகாகச் சிரிக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினால் கைகூப்பி, "போயிட்டு வரேன்" என்று எழுந்துவிட வேண்டும். தம்பிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இருமலும் வந்துவிட்டது. நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர்களைப்போல அம்மாவும் பிள்ளையும் அக்காவுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அக்காவுக்கு நல்ல மரியாதை கிடைத்தது. குடும்பத்துக்குத்தான் மார்ச்சளி என்று பெயர் வந்தது. எதிர்வீட்டுக்காரர் அவர்கள் பக்கத்து ஜன்னலைத் திறந்ததே கிடையாது.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் பகல் என்பது எவ்வளவு நீளம் என்று லிஃப்ட்காரனுக்கு உறைத்தது. அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவனுக்கோ, லிஃப்ட் எங்கே நிற்கிறதோ அங்கே ஓட வேண்டும். அக்காவை ஒருநாள் தனியே விட்டுப் போனார்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, கண்ணில் பட்ட முதல் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்விட்டாள். அலறி அடித்துக்கொண்டு தேடிப்போனால், டிப்போவில் டிரைவர் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

மறுநாளிலிருந்து அவளை வேலைக்கே கூட்டிப்போக ஆரம்பித்தான். மடக்கு நாற்காலி ஒன்றை லிஃப்ட் வாசலில் போட்டு உட்காரவைப்பான். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா "வாங்க" சொல்லுவாள். லிஃப்ட் ஓடாத கோபத்தில் வருகிறவர்கள்கூட அந்த "வாங்க"வில் இளகி, மூச்சிரைக்கப் படியேறிப் போவார்கள். அவனுக்கு வேலை கொடுக்கிற காண்ட்ராக்டர் மட்டும் இளகவில்லை.

"இங்க பாருப்பா. கிணறு மாதிரி குழி திறந்து கிடக்கு. அதுக்குப் பக்கத்துல உங்க அக்கா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீயும் தாங்கமாட்ட, நானும் தாங்கமாட்டேன். இந்த மாசத்துக்குள்ள வேற ஏற்பாடு பண்ணு. இல்ல, நான் வேற ஆள் பார்க்கணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் லிஃப்ட்காரனுக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று. தப்பாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பகலில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறதாம், சலவைக்கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று மனைவி சொன்னாள். எங்கே, யாரைக் கேட்பது என்று மட்டும் அந்த யாரோவுக்குத் தெரியவில்லை. ஓர் உதவி எண் கிடைத்தது. கூப்பிட்டான். மூத்தோருக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு இனிமையான குரல். குழந்தைகளுக்கு இரண்டு. மற்றவற்றுக்கு மூன்று. அவன் மூன்றை அழுத்தினான். மூத்தோருக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது அதே குரல். எதை அழுத்தினாலும் ஏறின மாடியிலேயே இறக்கிவிடுகிற லிஃப்டை அவன் அதுவரை பார்த்ததில்லை.

நேரில் போனான். முதல் அலுவலகத்தில் பதினெட்டு வயதுக்குள் இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். இரண்டாவதில் அறுபது ஆனால்தான் உண்டு என்றார்கள்.

"நடுவுல இருக்கறவங்க என்னங்க பண்றது?" என்று கேட்டான்.

"நடுவுல யாரு சார் வர்றாங்க?" என்று அந்த எழுத்தர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

மூன்றாவது, நலத்துறையின் பெரிய கட்டடம். அங்கே வேறு விதமான தொல்லை. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்வது அவன்தான். அவன் தலையைக் கண்டதுமே, "அப்பாடா, வந்துட்டாருப்பா!" என்று வாசலிலேயே வரவேற்பு. "நான் அதுக்கு வரலைங்க, எங்க அக்கா விஷயமா..." என்று ஆரம்பிப்பதற்குள், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், காலையிலேருந்து நாலாவது மாடியில நின்னுக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். சரிசெய்து கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அலுவலகம் மூடியிருக்கும். இரண்டு தடவை இப்படியே ஆயிற்று. மூன்றாவது தடவை மனைவியின் யோசனைப்படி நல்ல சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, முகத்தைக் கைக்குட்டையால் பாதி மறைத்துக்கொண்டு திருடன் மாதிரி பின்படியில் ஏறிப்போனான். அப்படித்தான் யாருக்கு உதவி தேவை என்று பார்த்து முடிவு செய்கிற மதிப்பீட்டு அலுவலரைக் கண்டுபிடித்தான்.

கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத ஒரு பெண். அவன் சொன்னதை இடையே குறுக்கிடாமல் கேட்டாள். பகல் மையம் இருக்கிறது, பெரியவர்களுக்கானதுதான், இடமும் ஒன்று காலியாகப் போகிறது என்றாள். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் பேசிப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லணும்."

பேசிப் பார்ப்பது! அந்த ஒரு வார்த்தைதான் வினையாக வந்தது. லிஃப்ட்காரன் வீட்டில் பேசிப் பார்ப்பது என்றால் பரீட்சை. அந்த வாரம் முழுக்க அக்காவுக்குப் பாடம் நடந்தது. நிமிர்ந்து உட்கார வேண்டும், நகத்தைக் கடிக்கக்கூடாது, பெயரைக் கேட்டால் உடனே சொல்ல வேண்டும். புதுச் செருப்பு வந்தது.

"அண்ணியைப் பொண்ணு பார்க்கவா கூப்பிட்டிருக்காங்க?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. அசடா இருந்தா சேர்க்கமாட்டேன்னு சொல்லிட்டா?"

"அப்படிச் சொல்ற இடமா அது?"

"எனக்கென்ன தெரியும்? எதுக்கும் நல்லா இருக்கட்டும்."

நலத்துறை அலுவலகத்தில் அக்கா நன்றாகத்தான் இருந்தாள். "சமையல் பண்ணுவீங்களா?" என்று அலுவலர் கேட்டாள். கேள்வி அக்காவின் பக்கம் திரும்பியதுமே லிஃப்ட்காரனின் தொண்டை அவனைக் கேட்காமல் வேலை செய்தது. ஒரு இருமல். "ஆமாம்" என்றாள் அக்கா. தனியாக வெளியே போவீர்களா? இருமல். ஆமாம். முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இரண்டு இருமல். "வேண்டாம், நன்றி."

அலுவலர் மெச்சிக்கொண்டு தலையாட்டினாள். லிஃப்ட்காரன் கனைத்தான். அக்கா முகம் மலரச் சிரித்தாள். முதல் பரிசு வாங்கின பிள்ளையை அழைத்துப் போவதுபோல அவளை அழைத்துப்போய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தான். அம்மா பார்த்திருந்தால் எப்படிப் பூரித்திருப்பாள் என்று நினைத்துக் கண்கூடக் கலங்கிற்று.

இரண்டு நாள் கழித்து அலுவலரே போன் செய்தாள். அக்காவுக்கு மையம் தேவைப்படாது என்றாள்.

"ஏன் மேடம்? நல்லாத்தானே பதில் சொன்னா?"

"ஆமாம் சார். அதனாலதான்."

"நல்லாச் சொன்னதனாலயா?"

"சமைக்கிறாங்க. தனியா வெளியே போறாங்க. ஆள் பார்த்துப் பேசுறாங்க. அந்த இடம் உதவி தேவைப்படுறவங்களுக்கு சார்."

லிஃப்ட்காரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் சமைத்ததே இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். "அவங்களே சொன்னாங்களே" என்று அலுவலர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? இருமினேன் என்று சொல்வதா? அம்மா கட்டிக் காத்ததை ஒரு போனில் போட்டு உடைப்பதா? "அன்னைக்கு ஏதோ... நல்லா இருந்தா மேடம். தினமும் அப்படி இருக்கமாட்டா" என்று மட்டும் குழறினான்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "சரி. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து ஒருதரம் பார்க்கிறேன். அதுக்கப்புறம் இடத்தை நிறுத்தி வைக்க முடியாது."

மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "இந்தப் பரீட்சையில பாஸானா ஃபெயிலு, ஃபெயிலானா பாஸா? இது என்ன எழவு கணக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

"அப்ப அண்ணியை மோசமா காட்டணுமா?"

"காட்ட வேண்டாம். இருக்கிற மாதிரி இருந்தாப் போதும்."

"அவங்க எப்படி இருக்காங்க, சொல்லுங்க பார்ப்போம்."

பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறான். ஆனால் தான் இருமாத நேரத்தில் அவள் எப்படி இருப்பாள் என்று அவன் பார்த்ததில்லை. இருந்தும் முயற்சி செய்து பார்த்தான். அக்காவை எதிரே உட்காரவைத்து, "அக்கா, அந்த மேடம் வந்து சமைப்பீங்களான்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்றான்.

"ஆமாம்."

"இல்லக்கா. 'தெரியாது'ன்னு சொல்லணும்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "குட்டி, பொய் சொல்லாதே."

"உனக்குச் சமைக்கத் தெரியாதேக்கா!"

"ஆமாம்" என்றாள் அக்கா, நிம்மதியாக. தப்பு யார் பக்கம் என்று அவனால் கடைசிவரை பிரித்தறிய முடியவில்லை.

இருமவே போவதில்லை என்று முடிவு கட்டினான். வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது, நடப்பது நடக்கட்டும். நல்ல முடிவுதான். ஆனால் அலுவலர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கட்டடத்து லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்கிவிட்டது. அரைநாள் முழங்காலளவு நீரில் நின்று இறைத்தான். அன்று பிடித்த சளி இருக்கிறதே, அது சாதாரணச் சளியா? அவன் ஒரு தும்மல் போட்டால் மேல்மாடியில் நாய் குரைக்கும். கீழ்மாடியில் யாரோ பதிலுக்கு "நூறு வயசு" என்பார்கள்.

அந்த நிலைமையில் அலுவலர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மனைவி அரைநாள் விடுப்புப் போட்டிருந்தாள். அக்கா நகத்தைக் கடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டீ போடத் தெரியுமா உங்களுக்கு?"

லிஃப்ட்காரன் பல்லைக் கடித்தான். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முடியவில்லை, வெடித்துக்கொண்டு வந்தது ஓர் இருமல்.

"ஆமாம்" என்றாள் அக்கா.

அடுத்தடுத்து இரண்டு.

"வேண்டாம், நன்றி" என்றாள் அக்கா.

தொண்டையைச் சரிசெய்ய அவன் கனைத்தான். அக்கா முகம் மலரச் சிரித்தாள். மூக்கு ஒழுகிற்று, உறிஞ்சினான். அக்கா எழுந்தாள், கைகூப்பினாள், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தன் சொந்த வீட்டை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தாள். வாசலில் மனைவி ஓடிப்போய்த் தடுத்தாள். அதற்குள் இன்னும் இரண்டு இருமல். "வேண்டாம், நன்றி" என்று அவளையும் ஒதுக்கினாள் அக்கா.

அலுவலர் பேனாவை மூடி வைத்தாள். லிஃப்ட்காரனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தானே ஒரு தடவை இருமினாள்.

"ஆமாம்" என்றாள் அக்கா, திரும்பி நின்று.

லிஃப்ட்காரனுக்குத் தரையில் குழி இருந்தால் இறங்கிவிடலாம்போல இருந்தது.

"சார், நீங்களும் உங்க வீட்டம்மாவும் கொஞ்சம் வெளியே இருங்க."

"நான் இல்லாம அவளால பேச முடியாது மேடம்."

"அதை அவங்க சொல்லட்டுமே."

கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டில் கணவனும் மனைவியும் நின்றார்கள். அவனுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இங்கே இருமினால் உள்ளே கேட்டுவிடும். எதற்கு "ஆமாம்" சொல்லி வைப்பாளோ! வாயைப் பொத்திக்கொண்டு தடதடவென்று தெருவரை ஓடி, ஆசை தீர இருமிவிட்டு மேலே ஏறி வருவான். வந்து நின்றதும் மறுபடி முட்டும். மறுபடி ஓட்டம். லிஃப்ட்காரன் வீட்டில் லிஃப்ட் கிடையாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏறி வந்த ஒரு தடவை உள்ளே அக்காவின் குரல் கேட்டது. தொடர்ந்து கேட்டது. நிற்காமல் கேட்டது. நாலு வார்த்தைக்கு மேல் போகாதவள் அப்படி என்ன பேசுகிறாள்? கதவில் காதை வைத்தான்.

"எடுங்க காதை. இது லிஃப்ட் இல்ல" என்று மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அழறாளா பாரு."

"சிரிக்கிறாங்க."

"யாரு?"

"ரெண்டு பேரும்."

அதன்பிறகு பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. பிறகு சத்தமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

கதவு திறந்தபோது அலுவலரின் கை முழுக்க டீத்தூள். சமையலறைத் தரையில் பால் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதன் நடுவில் ராணி மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"இடம் உண்டு சார்" என்றாள் அலுவலர். "திங்கட்கிழமையே வரலாம். அவங்களுக்கு உதவி தேவைதான், நல்லாவே தேவை. ஆனா ஒண்ணு கேட்டிருக்காங்க. புதன்கிழமை மட்டும் வரமாட்டாங்களாம். அன்னைக்கு வீட்லதான் இருக்கணுமாம். பரவாயில்லை, புதன்கிழமைக்கு வீட்டுக்கே ஒரு உதவியாளரை அனுப்பறேன்."

வேலை தப்பித்தது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவனோ, "புதன்கிழமையா? அவளுக்குக் கிழமையே தெரியாதே மேடம்" என்றான்.

"எனக்கு அப்படித் தெரியல. ஒவ்வொரு கிழமையா சொல்லிக்கிட்டே வந்தேன். புதன்னு சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

அலுவலர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா இரண்டு பக்கமும் தலையை ஆட்டினாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதாம் சார்" என்று சொல்லிவிட்டு அலுவலர் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புதன்கிழமை ஆராய்ச்சிதான். அம்மா இறந்தது புதனா? இல்லை, திங்கள். அக்கா பிறந்தது? சனி. குப்பை வண்டி வருவது செவ்வாய், தண்ணீர் வருவது தினமும். அக்காவைக் கேட்டால், "புதன்" என்பாள். ஏன் என்றால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவனுக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததில்லை. அல்லது இருந்ததே தெரியவில்லை. இரண்டில் எது என்று நினைக்க நினைக்கக் குழப்பம்தான் ஏறிற்று.

"நீங்க உங்க ஃப்ரெண்டுங்ககிட்ட பேசுறதையெல்லாம் எங்கிட்ட சொல்றீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அது வேற."

"எப்படி வேற?"

லிஃப்ட்காரன் எழுந்து தெருவரை போய் இருமிவிட்டு வந்தான்.

திங்களும் செவ்வாயும் அக்கா மையத்துக்குப் போய்வந்தாள். வண்டி வந்து கூட்டிப் போயிற்று, கொண்டுவந்து விட்டது. முதல் புதன்கிழமைக்கு லிஃப்ட்காரன் லீவு கேட்டான்.

"அதான் இடம் கிடைச்சிடுச்சுன்னு சொன்னியே. இப்ப என்னத்துக்கு லீவு?" என்றார் காண்ட்ராக்டர்.

"புதன்கிழமை என்ன நடக்குதுன்னு பார்க்கணும் சார்."

காண்ட்ராக்டர் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு, "போ, போய்ப் பார்த்துட்டு வா" என்றார். சளி தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

உதவியாளர் காலையில் குடையோடு வந்தாள். நடுவயதுக்காரி, வாய் ஓயாமல் பேசுகிறவள். அக்கா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். லிஃப்ட்காரன் திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவுக்கீல் சரிசெய்வதாகப் பாவனை பண்ணினான். கீல் நன்றாகத்தான் இருந்தது. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, கடைசியில் உண்மையிலேயே கிறீச்சிட ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தெருவில் யாரும் விசேஷமாக வரவில்லை. அக்கா எதற்கும் காத்திருப்பதுபோலவும் தெரியவில்லை. டீ குடித்தாள். உதவியாளரின் குடையை விரித்தாள், மடக்கினாள். இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள். அவன் பக்கத்தில் போனதும் நிறுத்திக்கொண்டார்கள்.

மத்தியானம் அக்கா திரும்பி, அவனை முதல்தடவையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"குட்டி, ஏன் இங்க இருக்கே?"

"சும்மாதான்க்கா. கதவு சரியில்ல."

"வேலைக்குப் போ."

"இன்னைக்கு லீவு."

"வெளியே போ."

உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். லிஃப்ட்காரன் திருப்புளியோடு படியிறங்கித் தெருவுக்கு வந்தான். எங்கே போவது என்று தெரியவில்லை. எதிர் நடைபாதையில் ஏறி நின்றுகொண்டு மேலே அண்ணாந்து பார்த்தான். ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. கோபமாக இருக்கிறாளா, சந்தோஷமாக இருக்கிறாளா என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கையை உயர்த்தி ஆட்டினான்.

அக்காவும் ஆட்டினாள். பிறகு திரையை இழுத்து மூடிவிட்டாள்.